ரேம் ஓவர்கிளாக்: வேகத்தை 6000-இல் நிறுத்திவிட்டு டைமிங்கைப் பிடியுங்கள்

கேமிங் கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்குகிறவர்கள் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்திலேயே சின்னதாக சிஎல் என்று ஓர் எண் இருக்கும். ரேம் எத்தனை கிளாக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் டைமிங் எண்களில் ஒன்று அது. அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால், தரவைக் கேட்டபின் அது வெளியே வர எத்தனை நானோசெகண்ட் ஆகும் என்று தெரிந்துவிடும். டிடிஆர்5 6000 சிஎல்30 என்றால் 10. அதே 6000, சிஎல்40 என்றால் 13.3. கூடுதல் காசு கொடுத்து 7200 சிஎல்36 எடுத்தாலும் அதே 10தான். பேண்ட்வித், அதாவது ஒரு நொடியில் கடத்தும் தரவின் அளவு, மட்டும் கூடும்.

ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 பிராசசர் வரிசையில் அந்தக் கூடுதல் வேகமும் பெரும்பாலும் வீண். பிராசசருக்குள் ரேமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலர், ரேமின் கிளாக்குக்குச் சமமாக ஓடுவது 6000 வரை. நல்ல சிப் வாய்த்தால் 6400. அதற்கு மேல் கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அந்த இழப்பை ஈடுகட்ட 8000 பக்கம் போக வேண்டும், அதற்கு எல்லா போர்டும் ஒத்துழைக்காது. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை என்றால் கதை வேறு, அங்கே 7200-க்கு அர்த்தம் உண்டு. ரைசனின் எக்ஸ்3டி வகை பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு, பிராசசருக்குள்ளேயே பெரிய கேஷ் (வேகமான தற்காலிக நினைவகம்) இருப்பதால் ரேமால் கிடைக்கும் லாபம் குறைவு. 4கே-வில் கிராஃபிக்ஸ் கார்டு முழுமூச்சாக ஓடும்போது யாருக்குமே லாபம் இல்லை.

வாங்குவது இரண்டு குச்சியாக, ஒரே கிட்டாக இருக்கட்டும். பிறகு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு டிடிஆர்5-இல் செல்லாது. நான்கு குச்சி போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3600தான். 64 ஜிபி வேண்டுமென்றால் முதலிலேயே 32 ஜிபி குச்சி இரண்டு எடுத்துவிடுங்கள். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். குச்சியில் உள்ள மெமரி சிப் ஹைனிக்ஸ் நிறுவனத்துடையது என்றால் டைமிங்கை இறுக்க நிறைய இடம் இருக்கும்.

போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸை முதலில் அப்டேட் செய்துவிட்டு, அதில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்கு ரேமைக் கொண்டுவரும் தயார் அமைப்புகள் அவை. அடுத்த பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு மெமரியைப் பயிற்றுவித்துக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள். விண்டோஸ் வந்தபின் சிபியு-இசட் என்ற மென்பொருள் ரேம் வேகத்தை 3000 என்று காட்டினால் அது சரிதான், டிடிஆர் ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை தரவு அனுப்புவதால் இரட்டித்துக்கொள்ள வேண்டும். ரைசன் என்றால், மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜையும் ஒரு பார்வை பாருங்கள். சில போர்டுகள் தானாகவே 1.3 வோல்ட்டை ஒட்டிக் கொண்டுபோய் வைக்கும். உச்சவரம்பே அதுதான். 6000-க்குப் பெரும்பாலும் 1.2-க்குள்ளேயே முடிந்துவிடும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான லாபம் ரெஃப்ரெஷில் இருக்கிறது.

ரேமில் தரவு என்பது நுண்ணிய மின்னூட்டம். கசிந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். எத்தனை கிளாக்குக்கு ஒருமுறை நிரப்புவது என்பது டிரெஃபி. நிரப்ப எத்தனை கிளாக் பிடிக்கும் என்பது டிஆர்எஃப்சி. அந்த நேரத்தில் ரேம் வேறு வேலை பார்க்காது. 6000-இல் வழக்கமாக டிரெஃபி 11700 பக்கம், டிஆர்எஃப்சி 885 பக்கம் இருக்கும். அதாவது நேரத்தில் ஏழரை சதவீதம் இதிலேயே போய்விடுகிறது. ஹைனிக்ஸ் 16 ஜிபி குச்சிகளில், பயாஸில் டிரெஃபியை 50000 ஆகவும் டிஆர்எஃப்சியை 480 ஆகவும் வைத்தால் அது ஒரு சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். சாம்சங், மைக்ரான் சிப்களில் டிஆர்எஃப்சி இவ்வளவு இறங்காது. இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சோதித்து, பிறகு அடுத்தது.

இதற்கு விலை சூடு. சூடு ஏறினால் கசிவும் வேகமாகும். டிரெஃபியை நீட்டிவைத்திருந்தால் அடுத்த நிரப்புதலுக்கு முன்பே பிட் புரண்டுவிடும். டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனை மென்பொருள் பிழையே இல்லாமல் முடிந்தும், ஒரு மணி நேரம் விளையாடியபின் கேம் மூடிக்கொள்வது இதனால்தான். சோதனையின்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருந்தது. கேமிலோ அது கக்கும் அனல் நேராக ரேம் மேல் போகிறது. ஆகவே ரேம் சோதனையையும் கிராஃபிக்ஸ் சுமையையும் சேர்த்து ஓட்டுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் குச்சியின் வெப்பநிலை தெரியும். 50 டிகிரியைத் தாண்டிப் பிழை வந்தால், ரேமை நோக்கி ஒரு ஃபேன் வையுங்கள் அல்லது டிரெஃபியை 32000-க்கு இறக்குங்கள்.

சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். 'கேம் நன்றாகத்தானே ஓடுகிறது' என்று விட்டால், விண்டோஸ் கோப்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். டிடிஆர்5-க்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் நடப்பதை மட்டும் பார்க்கும். சிப்பிலிருந்து கன்ட்ரோலர் வரை வரும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது. எதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். பூட்டே ஆகவில்லை என்றால் பயாஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் சிமாஸை கிளியர் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற அமைப்பை டைமிங் மாற்றும் நாட்களில் அணைத்தே வையுங்கள். அது இயங்கினால் போர்டு பழைய பயிற்சியையே எடுத்துக்கொள்ளும், பிழை உங்கள் டைமிங்கிலா அதிலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் முடிந்தபின் இயக்கினால் பூட் வேகமாகும். கூடவே பயாஸில் உள்ள பவர் டவுன் அமைப்பும் இயங்க வேண்டும், இல்லையென்றால் நீலத்திரை வரலாம்.