ஜிரோவில் 85 எம்எம் லென்ஸ்: வாடகைக்கு வாங்கிய வம்பு

முதலில் அந்த சுமோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மனசு ஆறாது. அருணாசலப் பிரதேசத்து நாகர்லகுன் ரயில் நிலையத்துக்கு வெளியே ஜிரோ போகும் ஷேர் சுமோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்றவரிடம் நியாயமான காசு வாங்கியவர், என் தோளில் தொங்கிய கேமரா பையைப் பார்த்ததும் அதற்குத் தனி சீட்டு என்றார். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். உடைந்தால் தான் பொறுப்பில்லையாம், அதனால் சீட்டாம். நண்பனின் பழைய டிஎஸ்எல்ஆர் துணிப்பைக்குள் ஸ்வெட்டரில் சுருட்டிக் கிடந்தது. அவனிடம் ஒரு பேச்சும் இல்லை. வேறு வழியில்லாமல் இரண்டு சீட்டுக்குக் கொடுத்தேன். போட்டின் என்ற ஊரைத் தாண்டியதும் நான் காசு கொடுத்த இடத்தில் ஒரு மூட்டை முட்டைகோஸும் அதன் மேல் ஒரு கோழியும் ஏறிக்கொண்டன. கேமரா பை என் மடிக்கே வந்துசேர்ந்தது. சாலையைப் பற்றி என்ன சொல்ல? பாதித் தூரம் சாலை, மீதித் தூரம் சேறு. இடுப்பு இன்னும் வலிக்கிறது.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நண்பனும் நானும் வழி முழுக்க அடித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்காக என்பதால் கட்டுரையும் அங்கேதான் போகும் போலிருக்கிறது. முகங்களைப் படம் எடுக்க இவ்வளவு தூரம் வருகிறவன் விலையுயர்ந்த கேமராவோடுதான் வர வேண்டுமா? வேண்டும் என்பது என் கட்சி. சென்னையில் ஒரு கடையில் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் பாடியும் 85 எம்எம் எஃப் 1.4 லென்ஸும் வாடகைக்கு எடுத்திருந்தேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம். ரயிலில் தூங்கிக்கொண்டு வரும் நாளுக்கும் வாடகை ஓடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். நண்பனிடம் இருந்தது பத்து வருடப் பழைய கிராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடி, அதில் 50 எம்எம் எஃப் 1.8. அந்த லென்ஸ் புதிதாகவே பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கம்தான். என் பாடி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல்.

ஜிரோ, அருணாசலப் பிரதேசத்தில் லோயர் சுபன்சிரி மாவட்டத்துப் பள்ளத்தாக்கு. அபதானி மக்களின் ஊர். நெல் வயலிலேயே மீன் வளர்ப்பார்கள். போட்டோ எடுக்கிறவர்கள் இங்கே வருவதன் முக்கியக் காரணம் வயல் அல்ல, பாட்டிகள். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை பச்சை குத்திய ஒரு கோடு, தாடையில் கோடுகள், மூக்கின் இரண்டு பக்கமும் செருகிய கறுப்பு அடைப்புகள். 1970களில் இந்த வழக்கம் நின்றுபோனதால் இப்போது வயதானவர்களிடம் மட்டும்தான் பார்க்க முடியும். 1944இல் ஹைமன்டார்ஃப் என்ற மானுடவியலாளர் வந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் லண்டனில் இருக்கின்றன. அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்து லென்ஸை நீட்டினார்களோ! அதனால் ஹாங் கிராமத்துத் திண்ணையில் ஒரு பாட்டி என் 85ஐப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. இன்னொருவர் காசு கேட்டார். கேட்கட்டும். அவர் முகம், அவர் விலை. நண்பனுக்கும் அதே திண்ணைகள்தான். அவன் கேமராவை எடுக்காமல் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் விலை பேசவில்லை.

வெளிச்சத்தில் எடுத்த படங்களில் இரண்டு கேமராவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவனுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன். மேகமூட்டம், மூங்கில் சுவர், பக்கவாட்டு வெளிச்சம். போன் கேமராவே போதும். உண்மையான பரீட்சை வீட்டுக்குள்தான்.

அபதானி வீட்டின் நடுவில் அடுப்பு. மேலே தொங்கும் பரணில் இறைச்சி புகையில் காய்ந்துகொண்டிருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கே உள்ளே இருட்டு. நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி அடுப்பருகே உட்கார்ந்து மூங்கில் குருத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பேத்தி மூலம் அனுமதி கேட்டோம். சரி என்று தலையாட்டினார்.

ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து எஃப் 1.4இல் எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இடது கண் மட்டும் கூர்மை. மூக்கு அடைப்பு கலங்கல், தாடைக் கோடுகள் புகை மாதிரி. கணக்குப் போட்டால் இது ஆச்சரியமே இல்லை. 85 எம்எம், எஃப் 1.4, ஒரு மீட்டர் என்றால் ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். கண்ணோடு மூக்கு அடைப்பும் கொஞ்சம் தெளிய வேண்டுமென்றால் எஃப் 2.8க்காவது போக வேண்டும். போனேன். பின்னால் நகர்ந்து எடுக்கலாமே என்பீர்கள். முதுகுக்குப் பின்னால் சுவர்.

இப்போது நண்பன் பக்கம். கிராப் பாடியில் 50 எம்எம், எஃப் 1.8, அதே தூரம், 2.8இல் எனக்குக் கிடைத்த ஆழம்தான் கிட்டத்தட்ட. நான் 2.8க்கு மூடியதில் அவனுடைய 1.8ஐவிட ஒன்றேகால் ஸ்டாப் வெளிச்சம் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி). பெரிய சென்சார் எனக்குத் தரும் லாபமும் ஏறக்குறைய அதே ஒன்றேகால் ஸ்டாப்தான். வெளிச்சம் குறையும்போது ஏற்றிவைக்கும் உணர்திறன் எண்ணான ஐஎஸ்ஓ எனக்கு 6400, அவனுடையது 2500. லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், புள்ளிப்புள்ளியாகத் தெரியும் அந்த நாய்ஸ் ஒரே அளவு. ஒரு லட்சம் ரூபாய் வித்தியாசம் அந்த அடுப்படியில் ஒன்றுக்கொன்று கழிந்து போயிற்று. "வாடகைய என் கைல குடுத்திருந்தா ஒரு பன்னியே வாங்கியிருக்கலாம் மச்சான்" என்றான்.

அதற்காக கருவி எதுவுமே முக்கியமில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. பெஷாவர் அகதி முகாமில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்க போட்டோகிராபர் எடுத்த பச்சைக் கண் ஆப்கான் பெண்ணின் படத்தை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். நிக்கான் எஃப்எம்2, 105 எம்எம் லென்ஸ், கையால் ஃபோகஸ், சரி. ஆனால் அது ஐஎஸ்ஓ 64 கோடாக்ரோம் ஃபிலிம், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. அந்த ஃபிலிமை இந்த அடுப்படியில் போட்டால் கரிக்கட்டைதான் பதிவாகும். அதேபோல கேமராவோடு சேர்த்துத் தரும், எஃப் 5.6 வரை சுருங்கும் கிட் லென்ஸோடு இங்கே வந்தாலும் கதை முடிந்தது. 1.8 லென்ஸ் அதைவிடப் பத்து மடங்கு அருகில் வெளிச்சம் வாங்கும். ஆக, பத்தாயிரம் ரூபாய் லென்ஸ் செலவு நியாயம். அதற்கு மேல் பாடிக்குக் கொட்டுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

மிரர்லெஸ் ஜெயித்த இடமும் உண்டு. புகையில் நண்பனின் ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து தவித்தது. என்னுடையது கண்ணைப் பிடித்தால் விடவில்லை. அவன் ஷட்டர் 'டொக்' என்ற ஒவ்வொரு முறையும் பாட்டி நிமிர்ந்து பார்த்தார். என்னுடையதில் சத்தமே கிடையாது. ஆனால் சத்தமில்லாத மோடில் எல்இடி பல்பு எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. பேத்தியிடம் சொல்லி பல்பை அணைத்தோம். அதோடு இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று. நெருப்பு மட்டும்தான்.

சரி, சாப்பாடு. அன்று வெட்டிய மூங்கில் குருத்தோடு புகை போட்ட பன்றி இறைச்சி வந்தது. செடிகளை எரித்த சாம்பலிலிருந்து எடுக்கும் தப்யோ என்ற கறுப்பு உப்பு சேர்த்திருந்தார்கள். லேசாகக் கசக்கும், கொழுப்போடு சேரும்போது நாக்கு விடாது. சுடச்சுடச் சோறு, இடித்த மிளகாய், அரிசி பீர். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை. கேமராவை யார் தொட்டார்கள்! தங்க இடமும் இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்ந்து, எனக்கு ஒரு நாள் லென்ஸ் வாடகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

போகிறவர்களுக்கு: அருணாசலுக்குள் நுழைய வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதியை ஆன்லைனில் எடுத்து பிரிண்ட் வைத்துக்கொள்ளுங்கள். குவாஹாட்டியிலிருந்து நாகர்லகுனுக்கு இரவு ரயில் இருக்கிறது. செப்டம்பர் இசை விழா சமயத்தில் அறை விலை எகிறும், அக்டோபர் நல்லது. கூடுதல் பேட்டரி எடுத்துப் போங்கள், இரவில் கரண்ட் போனால் மிரர்லெஸ் முதலில் படுத்துவிடும். கேமராவை ஸ்வெட்டரில் சுருட்டிக்கொள்ளுங்கள், சுமோ காசு மிச்சம்.

சென்னை வந்து திருப்பிக் கொடுக்கப் போனால், லென்ஸ் உறையில் புகை நாற்றம் என்று கடைக்காரர் அட்வான்ஸில் 800 ரூபாய் பிடித்துக்கொண்டார். அது பன்றி இறைச்சி வாசனை என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நண்பன் அவனுடைய 50ஐ விற்கும் யோசனையில் இருக்கிறான். பாதி விலைக்குக் கேட்டிருக்கிறேன்.