28 பவுண்டு போதும் என்றவர்

பதினெட்டாம் நூற்றாண்டில், ஆக்ஸ்போர்டில் மெத்தடிஸ்டுகள் என்று கேலியாக அழைக்கப்பட்ட இளைஞர்களுள் ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு. அதில் 28 பவுண்டைக் கொண்டு வாழ்ந்து, எஞ்சிய 2 பவுண்டை அவர் ஏழைகளுக்குக் கொடுத்தார். மறு ஆண்டு வருமானம் 60 ஆக உயர்ந்தபோதும் தமக்கென்று எடுத்துக்கொண்டது 28 தான். ஏழைகளுக்கு 32 போயிற்று. மூன்றாம் ஆண்டு 90 வந்தது, 62 கொடுத்தார். நான்காம் ஆண்டு 120 வந்தது, 92 கொடுத்தார். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயக் குரு ஜான் வெஸ்லி தமது பிரசங்கம் ஒன்றில் இதை யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிச் செல்கிறார். அந்த ஒருவர் அவரேதான் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பலரின் கருத்து.

இந்தக் கணக்கை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுக்கும் தசமபாகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதல் ஆண்டில் அவர் கொடுத்த 2 பவுண்டு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நம் சபைகளில் சிலர் அவரைத் தனியே அழைத்து அறிவுரை சொல்லியிருப்பார்கள். நான்காம் ஆண்டிலோ முக்கால் பங்குக்கும் மேலாகக் கொடுத்துவிட்டார். கொடுக்க வேண்டிய விகிதத்தை அவர் நிர்ணயிக்கவே இல்லை. தமக்கு எவ்வளவு போதும் என்பதை மட்டும் நிர்ணயித்து, அதற்கு மேல் வந்ததைத் தம்முடையதாக எண்ணாமல் விட்டார். தசமபாகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு மீதித் தொண்ணூறு விழுக்காட்டைப் பற்றி ஆண்டவர் எதுவும் கேட்க மாட்டார் என்று நிம்மதியாக இருக்கும் நம் வழக்கத்தைவிட இது கடினமானது, ஆனால் நேர்மையானது என்றே நினைக்கிறேன்.

வறுமையை அழகாகக் கற்பனை செய்துகொண்டவர் அல்லர் வெஸ்லி. எப்வொர்த் ஊரில் குருவாக இருந்த அவருடைய தகப்பனார் 1705இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். அப்போது வெஸ்லி இரண்டு வயதுக் குழந்தை. பிற்காலத்தில் தாம் எழுதிய நூல்கள் எதிர்பாராத அளவுக்கு விற்றதால், விரும்பாமலேயே பணக்காரனாகிவிட்டதாக அவரே எழுதினார். 1776இல் வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி வசூலித்த அதிகாரிகள், இவ்வளவு பெயர் பெற்றவரிடம் கணக்கில் காட்டாத வெள்ளி இருக்குமென்று சந்தேகித்துக் கடிதம் அனுப்பினர். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டிகள் தம்மிடம் இருப்பதாகவும், சுற்றிலும் இத்தனை பேர் அப்பத்துக்கு ஏங்கும்போது மேற்கொண்டு வாங்கப்போவதில்லை என்றும் அவர் பதில் எழுதினார். வருமான வரி நோட்டீஸ் வந்தால் நம்மில் எத்தனை பேரால் இரண்டே வரியில் பதில் எழுத முடியும்?

1760இல் அச்சான அவருடைய பிரசங்கம் லூக்கா சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரன் (எஜமானின் சொத்தை நிர்வகிப்பவன்) உவமையிலிருந்து புறப்பட்டு மூன்று விதிகளை வைக்கிறது: முடிந்த அளவு சம்பாதியுங்கள், முடிந்த அளவு சிக்கனமாயிருங்கள், முடிந்த அளவு கொடுங்கள். முதல் விதியை மட்டும் பிய்த்தெடுத்து, கிறிஸ்தவம் செல்வத்தை ஆசீர்வதிக்கிறது என்று பேசுகிறவர்கள் இன்று அதிகம். தன் உடல்நலத்தையோ, மனசாட்சியையோ, பிறனுடைய உடைமையையோ கெடுத்துச் சம்பாதிக்கலாகாது என்ற வேலியை வெஸ்லி அந்த விதிக்கே போட்டிருக்கிறார். சாராய வியாபாரிகளை அந்தப் பிரசங்கத்தில் அவர் சாடுவதைப் போல இன்று நம் பிரசங்க பீடங்களில் யாரும் சாடுவதில்லை.

அவருடைய தர்மத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1746இல் லண்டனில் தொடங்கிய கடன் நிதி. காணிக்கையாகத் திரட்டிய 30 பவுண்டு 16 ஷில்லிங்குதான் முதல். ஒருவருக்கு ஒரு தடவைக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு, மட்டும் கொடுக்கப்படும், வட்டி கிடையாது, வாரத் தவணையாக மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கட்டிவிட வேண்டும். அந்தச் சிறு தொகை சுழன்று சுழன்று பதினெட்டு மாதங்களில் 255 பேருக்கு உதவியது. கந்துவட்டியும் குழுக்கடனும் குடும்பங்களை எப்படி உலுக்குகின்றன என்பதை அன்றாடம் பார்க்கிற நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு கடனின் உச்ச அளவு உயர்ந்தது. 1775இல் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற புத்தக வியாபாரி இந்த நிதியிலிருந்து 5 பவுண்டு பெற்றுக் கடையைப் பெருக்கி, லண்டனின் மிகப் பெரிய புத்தகக் கடைக்காரர்களுள் ஒருவரானார். வளர்ந்த பிறகு மெத்தடிஸ்டுகளை எள்ளி நகையாடி எழுதினார் என்பதும், முதுமையில் அதற்காக வருந்தினார் என்பதும் தனிக் கதை.

1785 ஜனவரியில், 81 வயதில், ஏழைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கும் நிலக்கரியும் ரொட்டியும் போதாது, உடுத்தத் துணியும் வேண்டும் என்று கண்டு, 200 பவுண்டு திரட்டுவதற்காக ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து பிச்சை கேட்டார். உருகிய பனி கணுக்கால் வரை நின்றது. காலையிலிருந்து மாலை வரை பாதங்கள் பனிநீரில் ஊறின. வார இறுதியில் கடும் வயிற்றுப்போக்கால் படுத்துவிட்டார் என்பது அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. தம் கையில் இருந்ததைக் கொடுப்பதைவிட, ஊரார் கையில் இருப்பதைக் கேட்பதற்கு அதிகமான தாழ்மை தேவை.

அவரோடு முழுவதும் ஒத்துப்போக என்னால் முடியவில்லை. வெஸ்லிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை; கல்லூரிக் கட்டணமும் மருத்துவமனைச் செலவும் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத குடும்பஸ்தனுக்கு, 28 பவுண்டைப் போல அசையாத ஒரு தொகையை எழுதிவைப்பது எளிதன்று. ஆயினும் தன் தேவை, வீட்டாரின் தேவை, அதன்பின் விசுவாசக் குடும்பத்தார் (சக விசுவாசிகள்), அதன்பின் எல்லா மனிதரும் என்ற வரிசையை அவரே வகுத்திருப்பதால், குடும்பத்தைப் பட்டினி போட்டுத் தர்மம் செய்யச் சொன்னார் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது.

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) மெத்தடிஸ்டுகளும் இணைந்தார்கள், ஆகவே சி.எஸ்.ஐ. சபையாருக்கு வெஸ்லி அந்நியர் அல்லர். சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவந்த நம் பாட்டிமார், அவர் பெயரைக் கேள்விப்படாமலேயே அவருக்கு அருகில் வாழ்ந்தவர்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது: அகவிலைப்படி உயரும்போது, விலைவாசி உண்மையில் எங்கள் சமையலறையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மளிகைக் கடைச் சீட்டுகளை வைத்து மனைவி கணக்குப் போடுவாள், அதற்கு மேல் உள்ளது வீட்டுக்கு வராது, தெருவில் யாருக்குப் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருக்கிறதோ அவர்களுக்குப் போகும். அவள் போடும் கணக்கு என் கணக்கைவிட எப்போதும் கறாராக இருக்கிறது.