கொப்பரையால் பெயர் பெற்ற குடா

பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் கொட்டிக் கொடுத்து, தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போகிறவர்கள் பெங்குவினை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புவது ஆற்றாமையாக இருக்கிறது. கப்பலேறும் முன் கம்பர்லேண்ட் குடாவின் வரைபடத்தை ஒருமுறை ஊன்றிப் பாருங்கள். யார் எதற்காக அங்கே வந்தார்கள் என்பது பெயர்களிலேயே இருக்கிறது.

தீவின் வடகிழக்குக் கரையில் கடல் இரண்டு கைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் சுமார் 14 கி.மீ. உள்ளே போகிறது. 1775 ஜனவரியில் வந்த ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக், தீவுக்குத் தன் அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரையும் குடாவுக்கு அரசரின் தம்பி கம்பர்லேண்ட் கோமகனின் பெயரையும் வைத்தார். தெற்கே பெருங்கண்டம் நீளும் என்று எதிர்பார்த்தவர், கரை முடிந்துபோன முனைக்கு 'ஏமாற்றம்' என்றே பெயரிட்டார். இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள நிலம் பின்னாளில் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரின் பெயரால் தாட்சர் தீபகற்பம் ஆனது.

இதிலெல்லாம் அதிகாரத்துக்குச் செய்த மரியாதைதான் தெரியும். உழைப்பின் வாசனை அடிப்பது கிரிட்விக்கனில். கிழக்குக் கையின் ஓரத்தில், காற்றுக்கு ஒதுங்கிய சிறு குடா அது. 1902-இல் வந்த சுவீடன் ஆய்வுக் குழு, சீல் கொழுப்பை உருக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்திய இரும்புக் கொப்பரைகளைக் கரையில் கண்டது. அதனால் வந்த பெயர்தான் கிரிட்விக்கன், அதாவது 'கொப்பரைக் குடா'. அந்தக் குழுவின் கப்பல் தலைவர் லார்சன் 1904-இல் திரும்பி வந்து அங்கேயே திமிங்கில எண்ணெய் ஆலை தொடங்கினார். அண்டார்க்டிகப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறையும் அங்கேதான்.

விமான நிலையம் கிடையாது, கப்பல்தான். பெரும்பாலான கரைகளில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்க முடியாது. 200 பேர் ஏறும் கப்பலில் சீட்டு மலிவாகக் கிடைக்கலாம். பாதி நேரம் முறைக்குக் காத்திருப்பீர்கள். செலவை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

வெளியூர் விதை தீவுக்குள் போய்விடக் கூடாது என்பதால் காலணியும் பையும் சுத்தமாக இருக்க வேண்டும். விதை ஒளிந்திருப்பது வெல்க்ரோ பட்டையில்தான்: முள் முள்ளாக இருக்கும் பக்கத்தில் காய்ந்த புல் சிக்கினால் தூரிகைக்கு வராது, குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கிளற வேண்டும். பாக்கெட்டை வெளிப்புறமாகத் திருப்பி உதறுங்கள், காலணி அடிப்பள்ளத்தில் மண் இருந்தால் பல் துலக்கும் பிரஷ் போதும். வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அதிகாரிகளின் சோதனையில் விதை அகப்பட்டால், மறுபடி சுத்தம் செய்து முடிக்கும்வரை கரை இறங்குவது தள்ளிப்போகும்.