நிலவியலாளர் இயக்குநராகும் முன்: தகுதித் தேர்வுக்குப் படித்த முறை

சுரங்கத் துறையில் நிலவியலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர், அத்துறை நிறுவனம் ஒன்றில் சார்பற்ற இயக்குநராக (நிறுவனத்தோடு பணத் தொடர்பின்றி அதன் குழுவில் அமர்பவராக) அமர விரும்பினால், அத்தகைய இயக்குநர்களுக்கான தரவுத்தளத்தில் பெயரைப் பதிவு செய்து, இந்தியப் பெருநிறுவன விவகாரங்கள் நிறுவனம் நடத்தும் இணையவழித் தேர்வில் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். 50 விழுக்காடு மதிப்பெண் போதும். எத்தனை முறையும் எழுதலாம். ஆயினும் அவசரமாக மனப்பாடம் செய்து தேறியவருக்கு முதல் இயக்குநர் குழுக் கூட்டத்திலேயே திணறல் ஏற்படும் என்பதால், சற்று விரிவாகவே படிக்குமாறு சொல்வேன்.

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில் 149 (இயக்குநர் குழு, சார்பற்ற இயக்குநர்கள்), 166 (இயக்குநரின் கடமைகள்), 177 (தணிக்கைக் குழு), 188 (தொடர்புடையோருடனான பரிவர்த்தனைகள்) ஆகிய பிரிவுகளைச் சுருக்கக் குறிப்புகளில் அல்லாமல் மூலத்திலேயே படித்தேன். சட்டமொழி முதலில் பாறையைவிடக் கடினமாகத்தான் இருந்தது.

கணக்கியலைக் கண்டு நம்மவர்கள் ஒதுங்குவது தேவையற்றது. பாடத்திட்டம் அடிப்படைக் கணக்கியலோடு நின்றாலும், கனிம ஆய்வுச் செலவு பற்றிய இந்தியக் கணக்கியல் தரநிலை 106ஐயும் சேர்த்துப் படியுங்கள். ஆய்வு உரிமம் காலாவதியாவது, மேற்கொண்டு ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்படாதது, வணிக அளவில் கனிமம் கிடைக்காதது ஆகியவற்றை, சொத்தின் மதிப்பு குறைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகளாக அது கூறுகிறது. ஜி4 (தொடக்கநிலை ஆய்வு) முதல் ஜி1 (விரிவான ஆய்வு) வரை கனிம ஆய்வுநிலைகளைப் பிரித்து அறிக்கை எழுதியவருக்கு இவை புதியவை அல்ல. அதே ஐயங்களை இங்கே ரூபாயில் எழுதுகிறார்கள், அவ்வளவே.

கம்பெனிகள் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலுள்ள சார்பற்ற இயக்குநர் நடத்தை நெறிகளை, கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவன மோசடியோடு சேர்த்துப் படித்தது எனக்கு மிகவும் உதவியது. இந்தோனேசியாவின் புசாங்கில் பெருமளவு தங்கம் இருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் துகள் கலக்கப்பட்டிருந்தது 1997இல் வெளிப்பட்டது. கோர் மாதிரியை (துளையிட்டு எடுக்கும் உருளை வடிவப் பாறையை) நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைப் பாதுகாக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அங்கே ஏறத்தாழ முழுவதையும் அரைத்திருந்தார்கள். மீதிப் பாதி எங்கே என்று நிலவியலாளருக்கு உடனே கேட்கத் தோன்றும். தகவல்களுக்குத் தக்க விளக்கம் கேட்பதை அந்த அட்டவணை இயக்குநரின் கடமையாகவே ஆக்குகிறது.

தரவுத்தள இணையதளத்திலேயே மாதிரித் தேர்வுகள் உள்ளன. சட்டப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படித்து முடித்த பின்னரே அவற்றைத் தொடங்குங்கள்.