எய்ம்ஸ் வாசலில் கிடைத்த வேலை

தில்லி லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தபோது என் வகுப்பில் எல்லாருக்கும் வழி தெரிந்திருந்தது. சிலருக்குப் பொறியியல். மற்றவர்களுக்குச் சுருக்கெழுத்து, ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன், பிறகு சாஸ்திரி பவன், நிர்மாண் பவன் மாதிரி ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஒரு மேசை. அப்பா ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வாங்கி, எனக்காகச் சிவப்பு மையில் கட்டம் போட்டு வைப்பார். எழுதினேன், எதிலும் மனசு ஒட்டவில்லை.

குவார்ட்டர்ஸிலிருந்து எய்ம்ஸ் மருத்துவமனை நடை தூரம். நம்ம ஊர்க்காரர்கள் சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் 2 இரவு, ஏறத்தாழ 2,180 கி.மீ. தாண்டி வைத்தியத்துக்கு வருவார்கள். இந்தி வராது. ஒருநாள் எதிர்வீட்டு மாமி, “சும்மாதானே இருக்கே? எங்க அத்திம்பேரோட எய்ம்ஸுக்குப் போயிட்டு வாயேன்” என்றார்.

போனேன். விடியுமுன் கார்டு போட வரிசை. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு பர்ச்சி, அதாவது துண்டுச் சீட்டு. ரத்தம் எடுக்க ஓரிடம், ரிப்போர்ட்டுக்கு வேறிடம். டாக்டருக்கு இருப்பதோ இரண்டு நிமிஷம். அத்திம்பேர் நெஞ்சுவலியைச் சொல்ல, சின்ன வயசில் கிணற்றில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். எதை விடுவது? கிணறு உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் இந்தியில் சொன்னேன்.

அவர் ஊரில் போய்ச் சொல்லிவிட்டார். தேனியிலிருந்து ஒருவர், திருவாரூரிலிருந்து ஒரு குடும்பம். ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் வந்து இறங்குவார்கள். அம்மா பழைய சால்வைகளைச் சேர்த்து ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். “அப்பாவுக்குச் சொல்லிடாதேம்மா” என்று வராந்தாவில் மகன் கெஞ்சுவார். உள்ளே டாக்டர் அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசுவார். அதற்கெல்லாம் எந்தப் பரீட்சை தயார் செய்யும்?

கல்யாணம் மெல்போர்னுக்குக் கொண்டுவந்தது. அதுவும் என் திட்டமில்லை. இங்கே அரசே 1973 முதல் தொலைபேசியில் மொழிபெயர்ப்புச் சேவை நடத்துகிறது. நான் சும்மா செய்துவந்ததற்கு ஒரு பெயரும் சம்பளமும் உண்டென்று அப்போதுதான் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ‘நாட்டி’ (NAATI) தேர்வு எழுதினேன். விதிகள் கறார்: நோயாளி சொன்னதை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது, டாக்டர் எழுந்து போனால் நாமும் வெளியே வந்துவிட வேண்டும். நியாயம்தான். ஆனாலும் எய்ம்ஸ் பெஞ்சில் காத்திருந்தபோது அவர்கள் சொன்ன ஊர்க்கதைகள் இங்கே கேட்கக் கிடைப்பதில்லை.

“எப்படி ப்ளான் பண்ணீங்க, அக்கா?” என்று இங்கத்துத் தமிழ்ச் சங்கத்து இளையவர்கள் கேட்கிறார்கள். ப்ளானா? புதிதாக வந்திருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு மருத்துவமனைப் படிவம் நிரப்ப ஆள் தேவை. கேட்டவர்களைச் சனிக்கிழமை அங்கே வரச்சொல்லியிருக்கிறேன்.