ஊசி, அடுப்பு, மண்வெட்டி: திருகோணமலை நாட்குறிப்பு

8 செப்டெம்பர் 2024, ஞாயிறு

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. எங்கள் வளவு முழுவதும் கடற்கரை மணல் என்பதால், வெயில் ஏறிய பின் ஊற்றும் நீர் வேருக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே காய்ந்துவிடுகிறது. ஆகவே பொழுது புலரும்போதே கிணற்றடியில் நிற்க வேண்டியிருக்கிறது. மீன்காரரின் மணி கேட்பதும் அதே நேரத்தில்தான். பாரையோ விளைமீனோ வாங்கிவிட்டால், அதை வெட்டிக் கழுவி உப்பும் மஞ்சளும் பூசி வைக்காமல் வேறு வேலையில் கை வைக்க முடியாது. நூலைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே போட்டுப் பூ வரையும் குறுக்குத் தையலுக்கான துணியிலோ ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் இருக்கின்றன; அவற்றை எண்ணிப் பிடிக்கும் அளவுக்கு என் கண்ணுக்கு வெளிச்சம் போதுமாக இருப்பதும் காலையில் மட்டுமே. நேரம் போதவில்லை என்று நான் குறைப்பட மாட்டேன். பிற்பகல் நீண்டு கிடக்கிறது, ஆனால் அதை இந்த மூன்று வேலைகளில் ஒன்றும் விரும்புவதில்லை.

தங்கையின் மகளுக்குத் தை மாதத்தில் திருமணம். பெறாமகளுக்கென்று தலையணை உறைகள் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் சைவச் சமையல் என்பதால் அந்த இரு காலைகளையும் ஊசிக்கு ஒதுக்கிவிட்டேன். பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் ஒரு சொதியும் வைக்க ஒரு மணி நேரம் தாராளம். தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதை மாலைக்கு மாற்றி, மிளகாய்க் கன்றுகளின் அடியில் தேங்காய்ப் பொச்சைப் புதைத்திருக்கிறேன். அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

19 செப்டெம்பர், வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாமி தலையணை உறையின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளைத் துணியில் அவருடைய பெருவிரல் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. "கழுவிட்டுத்தானே பிள்ளை தொட்டனான்!" என்று அவர் பதறினார். அவர் மீது பிழை இல்லை. மீன்குழம்பின் மஞ்சள் நகக்கண்ணில் நின்றால் ஒரு கழுவலில் போவதில்லை.

சவர்க்காரம் பட்டதும் கறை செங்கல் நிறமானது. மாமி இன்னும் பயந்தார். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பதுதான் இயல்பு. மஞ்சளுடன் சுண்ணாம்பைச் சேர்த்துக் குங்குமம் செய்தவர்கள் அதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். சவர்க்காரம் முழுவதும் போகும்படி அலசியபோது பழைய மஞ்சள் திரும்பி வந்தது. துணியை ஈரத்தோடு வெயிலில் விரித்து, தைத்த பூக்களின் நிறம் வெளிறாதிருக்க அவற்றின் மேல் மட்டும் வேறொரு துணியைப் போட்டேன். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் சூரிய ஒளியில் சிதையக்கூடியது. மாலைக்குள் விரல் அடையாளம் தேடிப் பார்க்க வேண்டிய அளவுக்கு மங்கிவிட்டது.

இதனால் எனக்கு உறுதியான ஒன்று, வேலைகளின் ஒழுங்கை முடிவு செய்வது கடிகாரத்தைவிடக் கையே என்பது. ஊசி முதலில், அடுப்பு அடுத்தது, மண் கடைசியில். மண்வெட்டி பிடித்த கை மறுநாளும் சொரசொரப்பாக இருந்து நூலை இழுக்கும். சீனியையும் தேங்காயெண்ணெயையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் சரியாகும். பூத்தையல் நூல் 6 இழைகள் சேர்ந்தது; அதிலிருந்து 2 இழைகளை மட்டும் பிரித்து, ஒரு முழத்துக்கு மேல் வெட்டாமல் எடுக்கிறேன். அதைவிட நீண்டால் துணிக்குள் போய் வந்தே நூல் பஞ்சாகிவிடும்.

12 ஒக்டோபர், சனி

விஜயதசமி. கத்தரிக்கோலும் ஊசிப்பெட்டியும் தேங்காய் துருவும் பலகையும் மண்வெட்டியும் நேற்றைய பூசையில் ஒன்றாக இருந்தன. இன்று எடுத்தவுடன் முதலில் மண்வெட்டிக்குத்தான் வேலை. பயற்றையும் வெண்டியும் விதைத்தாயிற்று, கத்தரி நாற்று மேடையிலே நிற்கிறது. இனி வாடைக்காற்றுக் காலம். எங்கள் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் பெய்துவிடும் என்பதால், வீட்டுத்தோட்டக்காரர் தவறவிடக்கூடாத பருவம் இதுவே.

இந்தத் தோட்டத்தை நான் தொடங்கியது 2022இல், நாட்டின் பொருளாதார நெருக்கடியின்போது. அரச ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை தந்த காலம் அது. அப்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். எரிவாயு கிடைக்காமல் விறகில் சமைத்தோம். மார்ச் முடிவில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டதால் இரவில் ஊசி எடுக்கும் பேச்சே இருக்கவில்லை. விடுமுறை நின்று, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். தோட்டம் மட்டும் நிற்கவில்லை.

20 ஒக்டோபர், ஞாயிறு

இரவில் மான்கள் வந்து பயற்றை முளைகளை மேய்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. மான்கள் உலவும் பிரெட்றிக் கோட்டையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நைலோன் வலை கட்டச் சொல்கிறார்கள். கொம்பு சிக்கிக்கொண்டால் அந்த வாயில்லாச் சீவன் படும் பாட்டை யார் பார்ப்பது? பழைய சேலைகளை இரண்டாக மடித்து, ஓரத்தில் கயிறு போகும் அளவுக்கு மடிப்புத் தைத்து, வேலியோடு கட்டியிருக்கிறேன். தையல் இயந்திரத்தில் அரை நாள் போயிற்று, ஆனால் இதுவும் தையல் வேலைதானே என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

1 டிசெம்பர், ஞாயிறு

ஃபெங்கல் புயல் நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. அதற்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, தாழமுக்கமாக எங்கள் கரையை ஒட்டி நகர்ந்த நாட்களில், கொட்ட வேண்டியதையெல்லாம் இங்கே கொட்டிவிட்டது. உயர்தரப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது. கடலுக்கு ஒருவரும் போகவில்லை. ஆகவே ஒரு நாள் முட்டைக்குழம்பு, ஒரு நாள் நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டல், மற்றொரு நாள் செப்டெம்பர் வெயிலில் காயவைத்த மோர்மிளகாயைப் பொரித்து இரசத்தோடு. தயிரில் ஊறிய அந்த மிளகாய்கள் அத்தனையும் கச்சான் காலத்தில் பொச்சுக்கு மேல் காய்த்தவை.

மின்சாரமும் வெளிச்சமும் இல்லாத பகலில் கட்டம் எண்ணித் தைப்பது கண்ணைக் கெடுக்கும் வேலை. தைத்து முடித்த உறைகளுக்குக் குரோஷே ஊசியால் ஓரம் பின்னத் தொடங்கினேன். அதற்குக் கண் அதிகம் வேண்டாம், விரலே கண்ணியை எண்ணிக்கொள்ளும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் தையலூசி துருப்பிடிக்கும். இரவில் அதைத் துணியில் குத்தியே விட்டால் ஒரு பழுப்புப் புள்ளி விழும், அது மஞ்சளைப் போல வெயிலுக்கு அசைந்து கொடுக்காது. ஒவ்வொரு முறையும் ஊசியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

15 டிசெம்பர், ஞாயிறு

கத்தரி தப்பிவிட்டது, வெண்டி நீர் தேங்கி அழுகியது. முருங்கையில் மயிர்க்கொட்டி, கிட்டப் போக முடியவில்லை. பொன்னாங்காணி மட்டும் கேட்பாரில்லாமல் கிணற்றடியை மூடியிருப்பதால் வாரத்தில் பாதி நாள் அதுவே வறை. "மாடு போலத் தின்னச் சொல்லுறாய்" என்கிறார் மாமி.

நாளை மார்கழி பிறக்கிறது. திருவெம்பாவை தொடங்கினால் விடியற்காலைக் கோயிலுக்கும் போக வேண்டும். அந்தப் பத்து நாட்களும் வீட்டில் மரக்கறிதான் என்பதால் அடுப்பு சற்று இரங்கும். குறுக்குத் தையலில் இன்னும் ஓர் உறை மிச்சம் இருக்கிறது. மழை விட்ட வெளிச்சமான காலைகளில் அதை முடித்துவிட எண்ணுகிறேன். முடியாவிட்டால் அந்த ஒன்றுக்குப் பூ இல்லாமல் குரோஷே ஓரம் மட்டும் போட்டுக் கொடுப்பதாகத் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்றாள், கூடவே திருமணப் பலகாரத்துக்கு எத்தனை நாள் முன்னதாக வருவாய் என்றும் கேட்டு வைத்தாள்.