ஸிரிக்கு மூன்று முடிவுகள்: ‘விட்சர் 3’ விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்த குறிப்புகள்

போலந்தின் சிடி பிராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’ விளையாட்டின் மூலக்கதை மூன்று விதமாக முடியக்கூடியது. நாயகன் கெரால்ட் தன் மகளாகவே கருதும் ஸிரி, அவனைப் போல ‘விட்சர்’ ஆகி, அரக்க வேட்டையைத் தொழிலாக ஏற்று ஊர் ஊராகத் திரியலாம். நில்ஃப்கார்ட் பேரரசின் வாரிசாக அரண்மனைக்குப் போகலாம். அல்லது உலகங்களை உறைய வைத்துக்கொண்டு வரும் வெண்பனியை எதிர்க்கச் சென்று திரும்பாமலே போய்விடலாம். வெளியீட்டுக்கு முன்பு 36 முடிவுகள் என்று பெரிதாகப் பேசப்பட்டது. போரில் யார் வென்றார், ஸ்கெலிகா தீவுகளின் அரியணை யாருக்குக் கிடைத்தது, கெரால்ட் யாரோடு வாழ்கிறான் என்பவற்றையெல்லாம் ஸிரியின் கதியோடு மாற்றி மாற்றிக் கோத்துப் பார்க்கும் கணக்கு அது. ஆடுபவர் மனத்தில் நிற்பவை மூன்றுதான். அந்த மூன்றையும் ஒரே ஆட்டத்தின் கிளைகளாகப் பிரித்து ஆடி, எந்த இடத்தில் எந்தத் தெரிவு எதைத் திருப்புகிறது என்று பார்ப்பதே இந்த முயற்சியின் நோக்கம்.

முதலில் சேவ் கோப்புகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்த ஒழுங்கு இல்லாமல் இந்த வேலை நடக்காது. கணினியில் ஆடுபவர்களுக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘கேம்சேவ்ஸ்’ என்ற ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு சேவ் கோப்புக்கும் பக்கத்தில் அந்தக் கணத்தின் சிறு படமும் இருக்கும். முக்கியமான தெரிவு ஒவ்வொன்றுக்கும் முன்பாக நானே சேவ் செய்து, அந்தக் கோப்பையும் படத்தையும் வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, ‘கேர் மோரன் – பனிக்கு முன்’, ‘குளியல் விடுதி – கதவுக்கு முன்’ என்பது போலப் பெயரிட்டு வைத்தேன். ஆட்டம் தானாகச் செய்யும் சேவ்களை நம்பி இப்படிப்பட்ட காரியத்தில் இறங்கக் கூடாது; அவை அடுத்தடுத்து அழிந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். தெரிவுக்கும் விளைவுக்கும் இடையே பல மணி நேர ஆட்டம் கிடப்பதால், முடிவைப் பார்த்த பிறகு திரும்பிப் போக நினைத்தால் போவதற்கு இடம் இருக்காது.

ஸிரி உயிர் பிழைப்பாளா என்பதைத் தீர்மானிக்கும் தருணங்கள் ஐந்து. அவை ஐந்தும் கதையின் பிற்பகுதியில், ஸிரியைத் துரத்தும் ‘வைல்ட் ஹன்ட்’ படையோடு நடக்கும் கேர் மோரன் கோட்டைப் போருக்குப் பின்னர் வருகின்றன. அதற்கு முன் எத்தனை ஊர்களைக் காப்பாற்றினாலும், எத்தனை பேருக்கு இரக்கம் காட்டினாலும் இந்தக் கணக்கில் அவை சேர்வதில்லை. ஆட்டம் எந்த இடத்திலும் ‘இது முக்கியமான முடிவு’ என்று எச்சரிப்பதும் இல்லை. வழக்கமான உரையாடலில் வழக்கமான இரண்டு வரிகள் திரையில் தோன்றுகின்றன, அவ்வளவுதான்.

முதல் தருணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். போரில் ஸிரியைக் காக்கும் முயற்சியில் கெரால்டின் ஆசானான முதிய வெசெமிர் கொல்லப்படுகிறார். சிதை எரிந்து அடங்கிய பிறகு, தன் ஆற்றலைக் கட்டுக்குள் கொண்டுவரும் பயிற்சியும் கைகூடாமல் ஸிரி மனமுடைந்து உட்கார்ந்திருக்கிறாள். கெரால்டுக்கு இரண்டு பேச்சுகள் கிடைக்கின்றன. எல்லாவற்றிலும் நீ சிறந்தவளாக இருக்க வேண்டியதில்லை, மனத்தைத் தளர விடு என்று சொல்லலாம். அல்லது உன்னை உற்சாகப்படுத்த என்ன செய்வதென்று எனக்குத் தெரியும் என்று சொல்லலாம். முதலாவதைத் தேர்ந்தால் இருவரும் அமர்ந்து குடிக்கிறார்கள். காட்சி இதமாகத்தான் இருக்கிறது. தவறான பக்கம் என்று சந்தேகிக்க அதில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதைத் தேர்ந்தால் கோட்டைக்கு வெளியே பனி உருண்டைகளை எறிந்து விளையாடுகிறார்கள். ஸிரி தன் மாயத்தால் ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் தோன்றிக் கெரால்டின் முகத்திலேயே எறிகிறாள். பயிற்சியில் கைக்கு வராத அந்த ஆற்றல் விளையாட்டில் தடையின்றி வந்துவிடுவதை உரையாடலில் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டு சேவ்களையும் அடுத்தடுத்து ஆடிய பிறகே எனக்கு அது உறைத்தது. குடிப்பது ஆறுதல் போலத் தோன்றினாலும் தோல்வியை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. பனி விளையாட்டு அவளை மறுபடி எழச் செய்கிறது.

அடுத்து, வெசெமிரைக் கொன்ற வைல்ட் ஹன்ட் தளபதி இம்லெரித்தைப் பழிவாங்க ஸிரி துடிக்கும்போது, உடனே வெலன் நாட்டுக்குப் புறப்படலாம், அல்லது முதலில் விசிமாவில் இருக்கும் அவளைப் பெற்ற தந்தையான நில்ஃப்கார்ட் பேரரசர் எம்ஹிரிடம் அழைத்துச் செல்லலாம். அழைத்துச் சென்றால், அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கான பணத்தை அவர் கெரால்டிடம் நீட்டுவார். அந்தப் பணத்தைத் தொட்டால் அது ஸிரியின் மனத்தில் எதிர்ப்பக்கம் பதிகிறது. வேட்டைக் கூலியாக ஒவ்வொரு கிராமத்திலும் பேரம் பேசிக் காசு வாங்கிப் பழகிய ஆட்டக்காரர், அந்தப் பழக்கத்திலேயே இங்கும் ‘சரி’ என்று அழுத்திவிட வாய்ப்பு அதிகம். அந்தப் பழக்கத்தை ஆட்டமே இத்தனை நேரம் ஊட்டி வளர்த்துவிட்டு, ஒரே ஓரிடத்தில் அதைச் சோதிப்பதை நான் இந்த விளையாட்டின் மிக நுட்பமான பொறியாகக் கருதுகிறேன். நேரே வெலனுக்குப் போனால் பணப் பேச்சே எழாது. ஆனால் அரியணை முடிவுக்கான வழியும் அத்தோடு அடைபட்டுவிடும்.

நொவிகிராட் நகரில் மந்திரக்காரிகளின் குழு ஸிரியைச் சந்திக்க அழைக்கும்போது, அவளைத் தனியாக உள்ளே அனுப்புவது நல்ல பக்கம், துணைக்குப் போவது எதிர்ப்பக்கம். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே நகரில் அவளுடைய பழைய நண்பர்களைக் காண இருவரும் சேர்ந்து செல்லும் இனிமையான பகுதி ஒன்றும் உண்டு. அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை என்பது வியப்பாகவே இருந்தது.

ஸ்கெலிகாவில் உள்ள இரண்டு தருணங்களும் கனமானவை. தனக்கு ஆசானாக நடந்துகொண்ட அவலாக்கின் ஆய்வுக்கூடத்துக்குள் ஸிரி நுழைந்து, அவன் தன்னை ஒரு குருதி வழியின் கடைசிக் கண்ணியாக மட்டுமே பார்க்கிறானோ என்று கொதித்துப் போகிறாள். அவளை அமைதிப்படுத்தலாம்; அல்லது ‘உடைத்துத் தள்ளு’ என்று இடம் கொடுத்து, கெரால்டும் சேர்ந்து கண்ணாடிக் குடுவைகளையும் அலமாரிகளையும் நொறுக்கலாம். இடம் கொடுப்பதே நல்ல பக்கம். அதன் பின்னர் ஸ்கியால் என்ற இளைஞனின் கல்லறைக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கிறாள். லொஃபோட்டன் கிராமத்தில் அவளுக்கு உதவியவன் அவன். ஊரார் அவனைக் கோழை என்று தூற்றினார்கள். இறந்த பிறகும் மந்திரக்காரி யெனிஃபர் தன் மந்திரத்தால் அவனுடைய சடலத்தை எழுப்பிச் செய்தி கறந்தாள், கெரால்ட் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ‘நேரமில்லை’ என்று கெரால்ட் சொல்லிவிட வழி இருக்கிறது. அந்த வேளையில் கதை மிக வேகமாக ஓடிக்கொண்டிருப்பதால், அப்படிச் சொல்வதற்கான நியாயமும் கையில் இருக்கிறது.

ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ‘நல்லது – கெட்டது’ என்ற பிரிவு இங்கே செல்லாது என்று தெரிந்தது. துணைக்குப் போவதும், சினத்தைத் தணிப்பதும், ஆறுதலாகக் குடிக்க வைப்பதும் தம்மளவில் கெட்ட செயல்கள் அல்ல. மகளைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ள நினைக்கும் தகப்பன் அவற்றையே செய்வான். ஆகவே ஒரு கிளையில், வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்க்காமல், அளவுக்கு மீறிக் காக்கும் தகப்பனாகவே கெரால்டை நடத்தினேன்: எங்கும் கூடவே போனான், எதற்கும் அமைதி சொன்னான், பயணத்தில் நேரம் வீணாவதைத் தடுத்தான். ஒரு கொடுஞ்சொல் கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. இறுதியில் ஸிரி திரும்பவில்லை. வெண்பனிக்குள் அவள் நடந்து செல்லும்போது, கணக்கில் சேர்ந்த தருணங்கள் நினைவுகளாக அவள் கண்முன் வந்து போகின்றன. அப்போதுதான் ஆட்டம் தன் கணக்கேட்டை முதன்முறையாகத் திறந்து காட்டுகிறது. பின்னர் கெரால்ட் தனியாக வெலனின் சதுப்புநிலத்துக்குப் போய், அங்கே வாழ்ந்த மூன்று சூனியக்காரிகளில் தப்பிப் பிழைத்த கடைசிக் கிழவியைக் கொன்று, வெசெமிரின் பதக்கத்தை மீட்டு, அந்தக் குடிசையிலேயே அமர்ந்துவிடுகிறான். வெளியே அரக்கர்கள் சூழ்கின்றன. மூன்று முடிவுகளிலும் காட்சியமைப்பில் வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்தில் மூன்று நல்ல பக்கம் விழுந்தால் ஸிரி பிழைத்துவிடுகிறாள். பிழைத்தவள் விட்சர் ஆவாளா, பேரரசி ஆவாளா என்பது அதற்குப் பிறகான கேள்வி. அங்கேதான் குடும்பக் கதையும் அரசியல் கதையும் பிணைகின்றன. பேரரசி முடிவுக்கு எம்ஹிரைச் சந்தித்திருக்க வேண்டும். அத்துடன் வட நாடுகளுடனான போரில் நில்ஃப்கார்ட் வென்றிருக்கவும் வேண்டும். நில்ஃப்கார்ட் வெல்வதற்கு ரெடானியாவின் அரசன் ராடோவிட் கொல்லப்பட வேண்டும்; கொன்ற பிறகு ஒற்றர் தலைவன் டைக்ஸ்ட்ராவின் பக்கம் நிற்காமல் டெமேரியக் கெரில்லாப் படைத் தலைவர் வெர்னான் ரோஷின் பக்கம் நிற்க வேண்டும். ராடோவிட்டைக் கொல்லும் இந்தச் சதியின் தொடக்கக் குவெஸ்டை, அதாவது ஆட்டத்தில் தரப்படும் பணியை, ஸிரி ஒளிந்திருக்கும் மூடுபனித் தீவுக்குப் புறப்படுவதற்கு முன்பே முடித்திராவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும்.

இந்தச் சங்கிலியில் மிகச் சிறிய கண்ணி ஒன்று உண்டு. நொவிகிராட்டின் குளியல் விடுதியில், மந்திரக்காரி ஃபிலிப்பாவிடம் போக விடாமல் டைக்ஸ்ட்ரா வழிமறிக்கும்போது, அவனை வலுவாகத் தள்ளிவிடு என்று ஒரு தெரிவு வரும். தேர்ந்தால் கெரால்ட் அவனுடைய காலை முறித்துவிடுகிறான். தள்ளுவது என்று எழுதியிருக்கிறதே தவிர முறிப்பது என்று எழுதியில்லை. அந்தக் கணத்தோடு ராடோவிட்டைக் கொல்லும் குவெஸ்ட் கிடைக்காமல் போகிறது. ராடோவிட் உயிரோடு இருந்து வடக்கை வென்றுவிடுகிறான். மந்திரக்காரர்களை வேட்டையாடும் அவனுடைய ஆட்சி தொடர்கிறது. ஸிரிக்கு அரியணையும் இல்லை. ஒரு கதவருகே காட்டிய பொறுமையின்மைக்கு ஒரு கண்டமே விலை கொடுப்பதை இந்தக் கிளையில் ஆடிப் பார்த்தேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது: எல்லாவற்றையும் முன்கூட்டிக் கணிக்கும் ஒற்றனாக இத்தனை நேரம் காட்டப்பட்ட டைக்ஸ்ட்ரா, கொலை முடிந்ததும் ரோஷையும் அவர் ஆட்களையும் கொல்லப் போவதாகக் கெரால்டின் முகத்துக்கு நேரே சொல்லி, நீ ஒதுங்கிப் போ என்கிறான். அவன் அறிவுக்கு அது சற்றும் பொருந்தவில்லை. தெரிவு ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பதற்காகப் பாத்திரத்தை வளைத்திருக்கிறார்கள்.

இதனோடு ஒப்பிட, முற்பகுதியில் வரும் வெலன் பிரபுவின் கதை எவ்வளவோ மேல். மரத்தடியில் கட்டுண்ட ஆவியை விடுவித்தால் சதுப்புநிலத்துக் குழந்தைகள் தப்பிக்கிறார்கள். ஆனால் பிரபுவின் மனைவி ஆன்னா சாபத்தால் இறக்கிறாள், பிரபு தூக்கில் தொங்குகிறான், ஓர் ஊரும் அழிகிறது. ஆவியைக் கொன்றால் பிரபு பித்துப் பிடித்த மனைவியை மருத்துவம் தேடி மலைநாட்டுக்கு அழைத்துப் போகிறான். குழந்தைகள் இல்லாமல் போகிறார்கள். இரண்டையும் ஆடி முடித்தபின் எந்தச் சேவ் கோப்பைத் தொடர்வதென்று தீர்மானிக்க நான் மிகவும் தயங்கினேன். அதேபோல், மந்திரக்காரி கெய்ரா மெட்ஸை ராடோவிட்டிடம் போக விடாமல் கேர் மோரனுக்கு அனுப்பி வைத்தால், போரில் சக விட்சர் லாம்பர்ட் சூழப்படும்போது காப்பாற்றுபவள் அவளே. அனுப்பும்போது இருக்கும் காரணமும் பின்னர் கிடைக்கும் பலனும் தொடர்பில்லாதவை போலத் தோன்றி, கடைசியில் பொருந்திவிடுகின்றன.

இவையெல்லாம் உள்ளே எப்படி நினைவில் வைக்கப்படுகின்றன என்ற ஆவலில் ஆட்டத்தின் ஸ்கிரிப்ட் கோப்புகளையும் திறந்து பார்த்தேன். நடந்த ஒவ்வொன்றும் ‘ஃபேக்ட்’ என்ற பெயரில், ஒரு குறிச்சொல்லும் ஓர் எண்ணுமாகப் பதியப்படுகிறது. பின்னொரு காட்சி தொடங்குமுன் அந்த எண் என்ன என்று கேட்டு அதற்கேற்ற கிளையில் இறங்குகிறது. பதிவதற்கு ‘ஃபேக்ட்ஸ் ஆட்’, கேட்பதற்கு ‘ஃபேக்ட்ஸ் குவெரி சம்’ என்ற செயற்கூறுகள் கண்ணில் படும். இவ்வளவு எளிய ஏற்பாடா என்று தோன்றலாம். பதிவுக்கும் கேள்விக்கும் இடையே எத்தனை மணி நேரத்தை விடுவது என்று எழுத்தாளர்கள் எடுக்கும் முடிவில்தான் கலை இருக்கிறது. 2024 மே மாதம் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ரெட்கிட் கருவியில் குவெஸ்ட்களின் வரைபடத்தையே திறந்து பார்க்கலாம். கதை எழுதும் ஆர்வமுள்ளவர்களுக்கு அது நல்ல பாடம்.

இப்போதைய நிலை இது. ஸிரி இறக்கும் கிளையும், வைட் ஆர்ச்சர்ட் விடுதியில் கெரால்ட் அவளுக்குப் புதிய வாளைக் கொடுக்கும் விட்சர் கிளையும் முழுமையாக முடிந்துவிட்டன. பேரரசிக் கிளை ராடோவிட்டின் மரணத்தைத் தாண்டி ஸ்கெலிகாவை அடைந்திருக்கிறது. கல்லறை இன்னும் வரவில்லை. அது முடிந்ததும் 2016-இல் வந்த ‘பிளட் அண்ட் வைன்’ கூடுதல் கதைக்கு இதே முறையைக் கொண்டுபோக எண்ணுகிறேன். அங்கே கற்பனைக் கதைகளின் உலகில் தீக்கல் விற்கும் சிறுமியிடமிருந்து ஒரு ரிப்பனைப் பெற்றிருந்தால்தான் அந்நாட்டு அரசியின் சகோதரி சியான்னா உயிர் தப்பும் வழி திறக்கும். அந்த ரிப்பனுக்கு முன்பாக ஒரு சேவ் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறேன்.